கோரஸ் வாயில் வருகிறது, குவயர் ஏன் வரவில்லை?

மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியலுக்கு முன்பே தப்புப் பறையின் சத்தம் எழும்பும். அந்த அடிக்கு எழுந்து, சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்துக்குப் போவார்கள். பெரட்டு என்பது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல். துரை சொன்னதைக் கங்காணி பிடித்துக்கொண்டார், கங்காணி சொன்னதை லயம் பிடித்துக்கொண்டது. லயமும் அப்படி வந்ததுதான். 'லைன்' என்று வரிசை வீடுகளுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் லயன் ஆகி, லயம் ஆகி, தாளத்தைக் குறிக்கும் சங்கீதச் சொல்லோடு ஒலியில் ஒன்றாய்ப் போனது. தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரு ஆனது. பேர் பதியும் ஏடு செக்ரோல் ஆனது. கண்டக்டர், கண்டாக்கையா ஆனார்.

இவற்றில் ஒன்றைக்கூட எவரும் கரும்பலகையில் பார்த்துப் படிக்கவில்லை. காது பிடித்தது, வாய் தனக்கு வசதியாக வளைத்துக்கொண்டது. கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகூட செக்ரோலைப் பற்றி மூச்சுவிடாமல் வாதாடுவாள். எந்தச் சொல்லை எங்கே போட வேண்டும் என்பதில் அவளுக்குத் தடுமாற்றமே வந்ததில்லை.

அவளுடைய பேரப்பிள்ளை இன்று தரம் 3 முதல் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறது. சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் கணக்குப் பார்த்தால் ஒன்பது வருடம். அச்சிட்ட புத்தகம் இலவசமாகக் கையில் இருக்கிறது. ஆனாலும் தம்புள்ளைப் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காரும் வெளிநாட்டுக்காரர் "சீகிரியாவுக்கு எங்கே இறங்குவது?" என்று கேட்டுவிட்டால், விடை தெரிந்த பிள்ளையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறது. பிள்ளைக்குப் புத்தி இல்லாமல் இது நடக்கவில்லை. காதால் வர வேண்டிய மொழியை நாம் கண்ணால் தொடங்கி வைத்ததால் நடந்தது.

சின்னச் சோதனை ஒன்று போதும். மாத்தளையில் எந்தப் பிள்ளையிடமும் 'கோரஸ்' என்று சொல்லச் சொன்னால் சரியாகச் சொல்லும். பாட்டுக்காரர்கள் வாயில் கேட்டுப் பழகிய சொல் அது. அதே பிள்ளையிடம் தேவாலயப் பாடகர் குழுவைக் குறிக்கும் 'குவயர்' என்ற சொல்லை எழுதிக் காட்டினால், 'சொயர்' என்றோ 'சோயிர்' என்றோ வாசிக்கும். இரண்டும் ஒரே கிரேக்க வேரில் முளைத்தவை. இரண்டிலும் முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றே, இரண்டிலும் 'க்' என்ற ஒலிதான். ஓர்கெஸ்ட்ரா, கோர்ட் என்ற சுரக்கூட்டு, எக்கோ என்ற எதிரொலி எல்லாவற்றிலும் அதே எழுத்துகள், அதே ஒலி. காதுவழி வந்தது நேராக வந்தது, கண்வழி வந்தது கோணிப்போனது. ஆங்கிலத்தின் எழுத்தும் ஒலியும் ஒன்றை ஒன்று மதிப்பதில்லை. தாளத்தைக் குறிக்கும் 'ரிதம்' என்ற சொல்லில் ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளில் ஒன்றுகூடக் கிடையாது. இப்படிப்பட்ட மொழியை எழுத்துக்கூட்டிப் படித்துக் கரை சேர நினைப்பது வீண் பாடு.

தமிழ்ப் பிள்ளையின் ஆங்கிலத்தில் கேட்பவருக்கு முதலில் தட்டுப்படுவது தாளம். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய பங்கு கிடைத்துவிடும். ஆங்கிலம் அப்படிப் பங்கிடாது. ஒரு சொல்லில் ஓர் அசையைத் தூக்கி நிறுத்தி, மற்றவற்றை அதன் நிழலில் ஒடுக்கிவிடும். 'மியூசிக்' என்பதில் முதல் அசைக்கு அழுத்தம். 'மியூசிஷன்' என்றால் அழுத்தம் நடுவுக்கு நகர்ந்துவிடும். தமிழில் நாம் 'வயலின்' என்று முதலில் ஊன்றிச் சொல்வதை ஆங்கிலக்காரர் கடைசியில் ஊன்றிச் சொல்கிறார். 'ரெக்கோர்ட்' என்று முதல் அசையை அழுத்தினால் இசைத்தட்டு, இரண்டாம் அசையை அழுத்தினால் ஒலிப்பதிவு செய் என்ற வினை. எழுத்து ஒன்று, பொருளைப் பிரிப்பது அடி மட்டும். கேட்பவருக்குப் புரியாமல் போவது பெரும்பாலும் இந்த அடி தவறும்போதுதான்.

இதைச் சொல்லிக்கொடுக்கத் தப்பைவிடப் பொருத்தமான கருவி இல்லை. மூன்று அடி, சம இடைவெளியில். முதல் சுற்றில் 'பேர்ட்ஸ் ஸிங் ஸோங்ஸ்'. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல். இரண்டாம் சுற்றில் 'த பேர்ட்ஸ் வில் ஸிங் த ஸோங்ஸ்'. சொல் கூடியது, அடி கூடவில்லை. மூன்றாம் சுற்றில் 'த பேர்ட்ஸ் ஹேவ் பீன் ஸிங்கிங் த ஸோங்ஸ்'. அப்போதும் அதே மூன்று அடிதான். அந்தச் சின்னச் சொற்கள் எல்லாம் அடிகளுக்கு நடுவே உள்ள சந்தில் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும். ஒளியாவிட்டால் தாளம் உதைக்கும், வகுப்பே அதை உணர்ந்துவிடும். உச்சரிப்புப் பாடம் நடந்த அதே நேரத்தில் இலக்கணப் பாடமும் நடந்து முடிந்தது. பறவைகள் பாடுகின்றன, பாடும், பாடிக்கொண்டே வந்திருக்கின்றன என்று மூன்று காலங்களும் ஓர் அட்டவணையும் இல்லாமல் பிள்ளையின் வாய்க்குள் போய்விட்டன.

மற்றொரு நன்மையும் உண்டு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால்தான் புக், கப் எல்லாம் நம் வாயில் புக்கு, கப்பு ஆகின்றன. பேச்சில் இந்தக் கடைசி உகரத்தைத் திருத்தப் போனால் பிள்ளை வெட்கப்படும். பாட்டில் ஆசிரியர் திருத்தவே வேண்டாம். கூட ஓர் உகரம் சேர்ந்தால் மெட்டில் இடம் இருக்காது, பிள்ளையே அதை உதறிவிடும்.

இது மேற்கிலிருந்து வந்த புது வித்தை என்று எவரும் நினைக்க வேண்டாம். பாட்டால் மொழி படிப்பதில் தமிழரைப் போல் நீண்ட பழக்கம் உள்ளவர்கள் குறைவு. நம் அகராதியே செய்யுளாக இருந்தது. திவாகரமும் பிங்கலமும் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பாட்டு நூல்கள். மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் செய்ததே மனத்தில் நிற்பதற்காகத்தான். யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் அதை ராகத்தோடு ஒப்பித்தார்கள். ஆறுமுக நாவலர் சென்னையில் முதன்முதலாக அச்சிட்ட நூல்களில் அதுவும் ஒன்று. பவணந்தியின் நன்னூல், இலக்கணத்தைச் சூத்திரமாகப் பாடி வைத்தது. எண்சுவடியும் பாட்டு, ஆத்திசூடியும் பாட்டு. சொல், இலக்கணம், உச்சரிப்பு மூன்றையும் நம் முன்னோர் காதுவழியாகவே உள்ளே அனுப்பினார்கள். அந்த வழியை ஆங்கிலத்துக்கு மட்டும் அடைத்து வைத்திருக்கிறோம்.

மாத்தளைக்காரருக்கு இதற்குச் சாட்சி தேடி தூரம் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாண வீதியில் நகரத்தைத் தாண்டியதும் அலுவிகாரைக் குகைகள் வருகின்றன. பௌத்தத் திரிபிடகம் கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது அங்கேதான் என்பது வரலாறு. அதுவரை பல தலைமுறைத் துறவிகள் அதைக் கூட்டாக ஓதியே காப்பாற்றி வந்தார்கள். முதலில் ஓசை, பிறகு ஏடு. இந்த வரிசையை அந்த மண்ணே காட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் தூரமாகப் போனதற்கு வேறு காரணமும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்தே வந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். அப்படி வந்து 200 வருடம் ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் மறுபடி நடந்தார்கள். 1945இல் இலங்கைக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். அதுவரை ஆங்கிலம் பங்களாவின் மொழி, ஒபிஸின் மொழி. சம்பளத்தைக் கழிக்கும் மொழி, வேலையை விட்டு நிறுத்தும் மொழி. சிங்களப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பெயர் வைத்தார்கள், வாள் என்று பொருள். பேராதனையில் பணியாற்றிய அறிஞர் திரு கந்தையா 1984இல் அந்த ஒரு சொல்லை வைத்தே, ஆங்கிலம் இந்த நாட்டில் எப்படி அதிகாரத்தின் ஆயுதமாக நிற்கிறது என்று கட்டுரை எழுதினார். பிழை விட்டால் வெட்டு விழும் என்று பயந்திருக்கும் பிள்ளையிடம் இலக்கண விதியைத் தூக்கிக் காட்டினால் வாய் இன்னும் இறுகும். கூட்டத்தோடு பாடும்போது அந்தப் பயம் நிற்பதில்லை. நாற்பது குரல்களுக்கு நடுவே தன் பிழையை யாரும் விரல் நீட்டிக் காட்ட முடியாது என்று பிள்ளைக்குத் தெரியும்.

வாய் முதலில், பொருள் பிறகு என்பதற்கு அண்மைக்கால உதாரணம் இலங்கையிலேயே இருக்கிறது. 2021இல் யொஹானி பாடிய 'மெணிகே மகே ஹித்தே' என்ற சிங்களப் பாட்டை இந்தியா முழுவதும் முணுமுணுத்தது. சிங்களத்தில் ஒரு சொல்லும் அறியாதவர்கள், சிங்கள ஒலிகளைக் கூடிய மட்டும் சரியாகவே பாடினார்கள். இன்னும் நெருங்கிய சாட்சி வேண்டுமானால் நம் பாட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. தமிழ் உச்சரிப்புக்கு உதாரணமாக நாம் காட்டும் டி.எம். சௌந்தரராஜனின் வீட்டு மொழி சௌராஷ்டிரம். எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்குத் தாய்மொழி தெலுங்கு. பி. சுசீலாவுக்கும் தெலுங்குதான். அடுத்தவர் மொழியைப் பாடிப் பாடியே அந்த மொழிக்காரருக்கு முன்மாதிரி ஆனவர்கள் அவர்கள்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வாகவே செய்து பார்த்தார்கள். ஹங்கேரிய மொழி அறியாத 60 பெரியவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, 15 நிமிடம் சில சொற்றொடர்கள் பழக்கினார்கள். ஒரு குழு பேசிப் பழகியது, ஒரு குழு தாளத்தோடு சொல்லிப் பழகியது, ஒரு குழு பாடிப் பழகியது. 2013இல் வெளியான முடிவின்படி, பிறகு அந்தத் தொடர்களை நினைவிலிருந்து திருப்பிச் சொல்வதில் பாடியவர்களே முன்னே நின்றார்கள். கால் மணி நேரச் சோதனையை வைத்து ஒன்பது வருடப் படிப்புக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் வகுப்பில் பாடச் சொல்லும் ஆசிரியையை 'விளையாட்டுக் காட்டுகிறார்' என்று குறை சொல்ல இனி எவருக்கும் இடமில்லை.

பாடக் குரல் இல்லை என்று தயங்கும் ஆசிரியர்களுக்கும் வழி இருக்கிறது. நியூயோர்க்கில் ஆங்கிலம் கற்பித்த கரோலின் கிரஹாம், 1978இல் 'ஜாஸ் சான்ட்ஸ்' என்ற புத்தகம் வெளியிட்டார். அதில் மெட்டு இல்லை. அன்றாடப் பேச்சு வாக்கியங்களை ஜாஸ் தாளத்துக்குத் தட்டிச் சொல்வதுதான் பாடம். நம் ஊரில் அதற்குக் கொன்னக்கோல் இருக்கிறது. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு என்று அறிந்த பிள்ளைக்கு, ஆங்கிலச் சொல்லின் அசைகளை எண்ணுவது பெரிய வேலையா? சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதம் படிக்கும் மாணவிகள் பல தமிழ்ப் பாடசாலைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய தாள அறிவு சங்கீத அறையோடு நின்றுவிடுகிறது. பக்கத்து அறையில் ஆங்கில ஆசிரியர் அழுத்தக் குறிகளைப் பலகையில் வரைந்து களைத்துப்போகிறார்.

ஒலியின் பிறப்பைச் சொல்லவும் நம்மிடம் கருவி உண்டு. 'ஃப்' என்ற ஒலி வராமல் 'ஃபேன்' பேன் ஆகிறது, 'ஃபிஷ்' பிஷ் ஆகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், மேற்பல் கீழுதட்டைத் தொடும்போது வகரம் பிறக்கும் என்று சொல்கிறது. அந்த இடத்திலேயே பல்லை வைத்துக்கொண்டு, குரலை எழுப்பாமல் காற்றை மட்டும் ஊதினால் 'ஃப்' வந்துவிடும். பல்லை எடுத்துவிட்டு, சீட்டியடிப்பது போல் உதட்டைக் குவித்தால் 'வெஸ்ட்' மேற்குத் திசை ஆகும். பல் உதட்டைத் தொட்டால் அதே 'வெஸ்ட்' உள்சட்டை ஆகும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், வேறுபாடு உதட்டில் இருக்கிறது. இதைக் கண்ணாடி முன் நின்று பாடிப் பார்த்த பிள்ளை மறக்காது.

எல்லா ஒலியையும் இலண்டன்காரன் போலச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடியதை இலங்கையில் 'பொப் இசை' என்கிறோம், தமிழ்நாட்டில் 'பாப்' என்கிறார்கள். ஒரே ஆங்கில உயிரை இரண்டு கரைகளும் இரண்டு விதமாகக் கேட்டிருக்கின்றன, இரண்டும் குற்றமில்லை. ஆனால் மண்டபத்தையும் ஓட்டையையும் ஒரே மாதிரி 'ஹோல்' என்று சொன்னால் கேட்பவர் குழம்புவார். எது நம் ஊர் வாசனை, எது புரியாமல் ஆக்கும் பிழை என்று பிரித்துப் பார்க்கும் ஆசிரியர் வேண்டும். வாசனையை விட்டுவிட்டுப் பிழையை மட்டும் திருத்தினால் போதும்.

சொற்களை எடுத்துக்கொள்வோம். இசையை ஒரு தலைப்பாக வைத்தால் சொற்கள் கொத்தாக வருகின்றன. 'கீ' என்றால் பிள்ளைக்குச் சாவி தெரியும், சுருதியும் பியானோவின் கட்டையும் அதே சொல் என்று தெரிந்தால் கண் விரியும். 'நோட்' என்பது காசும் குறிப்பும் சுரமும். 'ஸ்கேல்' என்பது அடிமட்டமும் சுர வரிசையும். மரபுத்தொடர்களில் இன்னும் சுவை. செய்த பிழைக்கு வந்து முகம் கொடுப்பதை ஆங்கிலத்தில் இசைக்கு முகம் கொடுத்தல் என்கிறார்கள், 'ஃபேஸ் த மியூசிக்'. நம் வீடுகளில் 'அப்பாவிடம் பாட்டு வாங்கினேன்' என்கிறோம். தன் எக்காளத்தைத் தானே ஊதுவது அவர்களுக்குத் தற்பெருமை. நமக்கு ஒத்து ஊதுவது என்றால் ஒருவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வகுப்பில் பிள்ளை தன் தமிழையும் கூடவே படிக்கிறது. இலக்கணமும் ஒட்டிக்கொண்டு வரும். கிரிக்கெட் விளையாடினால் 'த' வராது, கிட்டார் வாசித்தால் பெரும்பாலும் வரும், வினையோ இரண்டுக்கும் ஒரே 'பிளே'. 'மியூசிக்' எத்தனை கேட்டாலும் பன்மை ஆகாது, 'ஸோங்' ஆகும். 'ஸிங், ஸேங், ஸங்' என்று நடுவில் உள்ள உயிர் மட்டும் மாறும் வரிசையை ஒரு தடவை பாடிவிட்டால், 'ரிங், ரேங், ரங்' தானாகவே பின்னால் வந்து நிற்கும்.

எல்லாப் பாட்டும் பாடமாகாது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் புகழ்பெற்ற 1965ஆம் ஆண்டுப் பாட்டின் தலைப்பிலேயே இரட்டை எதிர்மறை இருக்கிறது. பரீட்சைத் தாளில் அப்படி எழுதினால் புள்ளி போய்விடும். பாட்டுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்று சொல்லியே கொடுக்க வேண்டும். ஆங்கில அரிச்சுவடிப் பாட்டில் எல், எம், என், ஓ என்ற நான்கும் இரட்டை வேகத்தில் ஓடுவதால், 'எலமெனோ' என்று ஓர் எழுத்து இருப்பதாக நம்பும் குழந்தைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கடைசி எழுத்து இலங்கையில் 'இஸட்', அமெரிக்க மெட்டில் 'ஸீ'. பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் அழகாகப் பாடுவதும் முடியாத காரியமில்லை. சுவீடனின் ஆபா குழு ஸ்பானியம் பேசத் தெரியாமலே 1980இல் முழு ஸ்பானிய இசைத்தட்டு வெளியிட்டது. ஆகவே பாடி முடித்ததும் பாட்டைப் பிரித்துப் போட வேண்டும். யார், யாரிடம், எந்தக் காலத்தில் சொல்கிறார் என்று பிள்ளையைக் கேட்க வேண்டும். பிறகுதான் கொப்பியும் பேனாவும்.

பெற்றோர் கேட்பார்கள், "பாட்டுப் படிக்கவா பிள்ளையை அனுப்பினோம்?" என்று. அதிபர் கேட்பார், "பாடத்திட்டத்தை யார் முடிப்பது?" என்று. இரண்டும் நியாயமான கேள்வி. சாதாரண தர ஆங்கிலம் பேனாவால் எழுதும் பரீட்சை, வாய்க்கு அதில் புள்ளி இல்லை. ஆங்கில தினப் போட்டியில் கவிதை சொல்லலும் பேச்சும் உண்டுதான், மேடை ஏறுவது எப்போதும் முன்வரிசைப் பிள்ளை. ஆனால் மாத்தளை மாவட்டத்தில் ஆங்கிலம் சோறு போடும் இடங்களைப் பாருங்கள். தம்புள்ளை, சீகிரியா விடுதிகள். கண்டி வீதி நெடுகிலும் உள்ள வாசனைத் திரவியத் தோட்டங்கள். ஏலத்தையும் கறுவாவையும் கிள்ளிக் கையில் கொடுத்து விளக்கம் சொல்லும் அந்த வழிகாட்டிகள் பிழைப்பது நாக்கால். அங்கே வேலை கேட்டுப் போகும் இளைஞரிடம் முதலில் கேட்பது பேச்சைத்தான், விடைத்தாளை அல்ல. பரீட்சைத் திணைக்களம் கேட்டலுக்கும் பேச்சுக்கும் புள்ளி ஒதுக்கும் நாள் வர வேண்டும். அதுவரை பாடசாலைகள் காத்திருக்கத் தேவையில்லை.

தப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதை மரண வீட்டோடும் ஒரு சாதியோடும் முடிச்சுப் போட்டு ஒதுக்கி வைத்த வழக்கம் மலையகத்திலும் உண்டு. காமன் கூத்தில் அது இல்லாமல் ஆட்டம் இல்லை என்பதை அறிந்தவர்களே வகுப்பறைக்கு அது வேண்டாம் என்பார்கள். தாத்தா அடித்த கருவியோடு பேரப்பிள்ளை ஆங்கில வகுப்புக்குள் போனால், அந்தக் கருவிக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மரியாதை கிடைக்கும். அப்படிக் கிடைக்க வேண்டும்.

மாத்தளை வலயத்துத் தமிழ்ப் பாடசாலை அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணைக்கு நேரசூசி போடும்போது, தரம் 3 முதல் 5 வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையை ஆங்கில ஆசிரியருக்கும் சங்கீத ஆசிரியருக்கும் சேர்த்துக் கொடுங்கள். சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலையில் தோட்டத்துத் தப்புக்காரர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். புதுக் கட்டடமோ கணினியோ இதற்குத் தேவையில்லை. அந்த ஒரு பாடவேளையில் மட்டும் புத்தகங்கள் பைக்குள்ளேயே இருக்கட்டும்.